கொரியக் கிராமப் பள்ளியில் முதல் மாதம்: விலகிவிடலாமா என்று கேட்கும் வாசகிக்கு

கேள்வி: நான் கனடாவில், ஸ்கார்பரோவில் வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கொரிய அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் எபிக் (EPIK) திட்டத்தில் தேர்வாகி, பிப்ரவரி கடைசியில் கொரியாவின் வடக்கு கியோங்சாங் மாகாணத்தில் உள்ள உய்சோங் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தேன். வாரத்தில் மூன்று பள்ளிகள்: இரண்டு தொடக்கப் பள்ளி, வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு நடுநிலைப் பள்ளி. ஒரு வகுப்பில் மூன்றே பிள்ளைகள். பயிற்சி வாரத்தில் சொல்லித்தந்த விளையாட்டுப் பாடங்கள் ஒன்றும் எடுபடவில்லை. ஒரு பள்ளியில், என்னோடு சேர்ந்து பாடம் எடுக்க வேண்டிய கொரியக் கூட்டாசிரியர் என்னை வகுப்பில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். இன்னொன்றில் அவர் என்னோடு பேசுவதே இல்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தூங்குகிறார்கள். "நீங்கள் நிஜமாகவே கனடாவா?" என்று ஒரு பையன் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிட மாட்டேன். சனி, ஞாயிறு ஊரே அடங்கிவிடுகிறது. தேகு நகரத்தில் ஒரு ஹாக்வோனில் வேலை வாங்கித் தருவதாகத் தோழி சொல்கிறாள். வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விலகிவிடட்டுமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இப்போது விலகாதீர்கள். ஜூலையில் முதல் பருவம் முடியும் வரையாவது இருந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஆங்கில ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன்பு நீங்கள் இருக்கும் அதே மாகாணத்துச் சின்னப் பள்ளிகளில் பாடம் எடுத்திருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் பெரும்பகுதி மார்ச் மாதத்தின் கஷ்டம். மார்ச் போனால் அதில் பாதி தானாகவே குறையும். மீதிப் பாதிக்கு நீங்கள் வேலை செய்ய வேண்டும்.

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் முடியும் முன் நீங்களாக விலகினால், வந்தபோது கொடுத்த நுழைவுப் படியையும் குடியேற்றப் படியையும் பொதுவாகத் திருப்பிக் கேட்பார்கள். உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள். உங்களுடைய ஈ-2 விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. நடுவில் வேறு இடத்துக்கு மாற வேண்டுமானால் இப்போதைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். ஓராண்டு முடித்தால் ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கும். கனடாக் குடிமக்கள் நாட்டைவிட்டுப் போகும்போது தேசிய ஓய்வூதியத்தில் சேர்ந்த பணத்தையும் மொத்தமாகத் திரும்பப் பெறலாம். ஹாக்வோன் என்பது தனியார் டியூஷன் நிலையம். பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு தொடங்கி இரவுவரை வேலை இருக்கும். நல்ல ஹாக்வோன்களும் உண்டு. ஆனால் ஒரு மாதக் களைப்பில், தோழியின் ஒரு போன் பேச்சை நம்பி அங்கே போகாதீர்கள்.

மார்ச் என்றேன் இல்லையா? கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில்தான் தொடங்கும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பள்ளி மாற வேண்டும், அந்த மாற்றமும் அப்போதே நடக்கும். உங்களோடு பேசாத அந்த ஆசிரியர்கூட அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்தவராக இருக்கலாம். அறுநூறு பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளிக்கு வரும் அதே அரசுக் கடிதங்கள் முப்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கும் வருகின்றன. அங்கே அவற்றைப் பங்குபோட்டுச் செய்ய நிறையப் பேர் இருக்கிறார்கள், இங்கே ஆறேழு பேர்தான். உங்கள் கூட்டாசிரியருக்கு ஆங்கிலத்தோடு நூலகம், பாதுகாப்புப் பயிற்சி, பிள்ளைகளின் சுற்றுலா என்று இன்னும் நான்கு பொறுப்புகள் இருக்கும். அவர் வகுப்பிலிருந்து நழுவுவது உங்களை மதிக்காததால் அல்ல.

அதற்காக அதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. எபிக் ஒப்பந்தப்படி நீங்கள் துணை ஆசிரியர், வகுப்பின் பொறுப்பு கொரிய ஆசிரியருடையது. பிள்ளை ஒன்று விழுந்து அடிபட்டால் என்ன செய்வீர்கள்? ஆனால் இதை வைத்துச் சண்டை போடாதீர்கள், துணை முதல்வரிடம் புகாராகவும் கொண்டுபோகாதீர்கள். அந்தக் கூட்டாசிரியரிடமே குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்: "முதல் பத்து நிமிடம் பாடத்தை நீங்கள் கொரிய மொழியில் விளக்குகிறீர்களா? மீதி முப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்." தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 40 நிமிடம்தான். செய்ய வேண்டியது என்ன, எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் உள்ளேயே இருந்துவிடுவார்கள்.

பேசாத ஆசிரியர் விஷயம் வேறு. அவருக்குத் தன் ஆங்கிலத்தைப் பற்றிக் கூச்சம் இருக்கக்கூடும். நீங்கள் வாயைத் திறந்தாலே தன்னைச் சோதிப்பதாக அவருக்குத் தோன்றும். அவரிடம் எழுத்தில் பேசுங்கள். முந்தைய நாளே அரைப் பக்கத்தில், எளிய வாக்கியங்களில், நாளைய பாடத்தை எழுதி அவர் மேசையில் வையுங்கள். அவர் செய்ய வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, "இங்கே நீங்கள்" என்று குறித்துவிடுங்கள். பப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியில் மொழிபெயர்த்து, காகாவ் டாக் என்ற செய்திச் செயலியில் அனுப்பினாலும் சரி. பிள்ளைகள் முன்னால் அவருடைய ஆங்கிலத்தை ஒருபோதும் திருத்தாதீர்கள். கரும்பலகையில் எழுத்துப்பிழை இருந்தால்கூட அப்புறம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஏப்ரல் நடுவில் அவர் உங்களிடம் ஏதாவது கேட்க ஆரம்பிப்பார். அது பாடத்தைப் பற்றி இருக்காது, உங்கள் அம்மாவைப் பற்றியோ கனடாக் குளிரைப் பற்றியோ இருக்கும். அதை வளர விடுங்கள்.

இப்போது அந்த மூன்று பிள்ளைகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்.

நீங்கள் கற்றுக்கொண்ட விளையாட்டுப் பாடங்கள் இருபத்தைந்து பேருக்கானவை. அணி பிரிப்பது, திரையில் குண்டு வெடிக்கும்போது புள்ளி போவது, கூச்சல், கைத்தட்டல் எல்லாமே கூட்டம் இருந்தால்தான் ஓடும். மூன்று பேரில் ஒருவன் சளி என்று வராமல், மற்ற இருவரும் காலையில் சண்டை போட்டிருந்தால் அணி எங்கே? பாடம் தோற்றதற்குக் காரணம் நீங்கள் இல்லை. அந்த அச்சை வேறு அளவுக்குச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை மூட்டைகட்டி வையுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து பேர் வகுப்பில், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும், ஒரு பிள்ளைக்குப் பேசக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். உங்கள் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். நகரத்துப் பிள்ளைகள் ஹாக்வோனுக்குப் போய் அதை ஈடுகட்டிக்கொள்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளில் பலருக்குப் பக்கத்தில் ஹாக்வோனே கிடையாது. அவர்கள் காதில் விழும் உயிருள்ள ஆங்கிலம் நீங்கள் மட்டும்தான். மூன்றாம் வகுப்பில்தான் ஆங்கிலம் தொடங்குகிறது. மூன்று, நான்கில் வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஐந்து, ஆறில் மூன்று. அதற்குள் நடப்பதுதான் எல்லாம். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்கள் வேலைக்கு உள்ள மதிப்பு தலைநகர் சியோலில் இருக்கும் எந்த ஆசிரியருக்கும் கிடைக்காது என்று நான் சொல்வது இதனால்தான்.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு வகுப்பையும் ஒரே மாதிரித் தொடங்குங்கள். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று கேள்விக்கு உண்மையான பதில் சொல்லட்டும்: காலையில் என்ன சாப்பிட்டாய், பள்ளிக்கு எப்படி வந்தாய், வழியில் என்ன பார்த்தாய். அவர்கள் சொன்ன வாக்கியத்தைப் பெயரோடு பலகையில் எழுதுங்கள். முதல் வாரம் ஒற்றைச் சொல்தான் வரும். மே மாதம் "பாட்டி பூண்டு வயலில் இருக்கிறார்" என்று முழு வாக்கியம் வரும். உய்சோங் கொரியா முழுக்கப் பூண்டுக்குப் பெயர்போன ஊர். அந்தச் சொல் பாடப்புத்தகத்தில் இருக்காது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது வேண்டும். அப்புறம் ஆளுக்கொரு நோட்டு. வாரம் இரண்டு வரி அவர்கள் எழுத, நீங்கள் இரண்டு வரி பதில் எழுதுங்கள். ஐந்நூறு பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியரால் இது முடியாது, உங்களால் முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் பிள்ளைகள் பள்ளியோடு ஒட்டிய மழலையர் வகுப்பிலிருந்து ஒன்றாகவே வருகிறார்கள். அவள் ஆங்கிலத்தில் கெட்டி, இவனுக்கு வராது என்று அவர்களுக்குள் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பில் இன்னும் எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளை ஒன்றாவது உங்கள் பள்ளிகளில் இருக்கும். அதை மற்றவர்கள் முன் காட்டிக்கொடுக்காமல், வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் தனியாக எழுத்தொலி சொல்லிக்கொடுங்கள். நாளைக்குக் கேட்கப்போகும் கேள்வியை இன்றைக்கே அந்தப் பிள்ளையோடு பழகிவிடுங்கள். வகுப்பில் அவன் முதலில் பதில் சொல்லும் அந்த ஒரு நாள் அந்தப் பழைய தீர்ப்பை மாற்றிவிடும். இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்ட நாளில் அவர்களை ஜோடி சேர்க்காதீர்கள், ஆளுக்கொரு ஜோடியாக நீங்களே உட்காருங்கள்.

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் கர்லிங்கில் (பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் ஆட்டம்) வெள்ளி வென்ற பெண்கள் அணி உங்கள் ஊரில் வளர்ந்த அணி. பூண்டுப் பெண்கள் என்று நாடே கொண்டாடியது. அந்தப் போட்டியில் அவர்கள் கனடாவையும் தோற்கடித்தார்கள். கர்லிங் நாட்டிலிருந்து வந்த ஆசிரியர் நீங்கள். "எங்களைத் தோற்கடித்தவர்கள் நீங்கள்தானா?" என்று கேட்டுப் பாருங்கள், தூங்கும் நடுநிலைப் பள்ளிகூட எழுந்து உட்காரும். விதிகளை ஆங்கிலத்தில் உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். கற்றுக்கொடுப்பவர் அவர்களாகவும் கேட்பவர் நீங்களாகவும் இருக்கட்டும்.

நடுநிலைப் பள்ளியில் தூக்கத்துக்குக் காரணம் வேறு. உங்கள் வகுப்பில் நடப்பது பெரும்பாலும் தேர்வில் வருவதில்லை, பிள்ளைகளுக்கு அது தெரியும். அங்கே எழுத்துத் தேர்வு தவிர, வகுப்பில் செய்து காட்டுவதற்கு மதிப்பெண் தரும் செயல்வழி மதிப்பீடு என்று ஒன்று உண்டு, கொரிய மொழியில் சுஹெங் பியோங்கா என்பார்கள். அதில் பேச்சுக்கான மதிப்பெண்ணை உங்கள் வகுப்போடு இணைக்க முடியுமா என்று கூட்டாசிரியரிடம் கேளுங்கள். திட்டம் பருவத் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும், இந்த முறை தாமதமாகியிருக்கலாம். அப்படியானால் இரண்டாம் பருவத்துக்காவது ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள்.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். அது உங்களுக்கு வலித்திருக்கிறது, வலிக்காமல் இருக்காது. ஆங்கில ஆசிரியர் என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணம் அங்கே இன்னும் இருக்கிறது. பெரியவர்களிடமும் இருக்கிறது. பிள்ளை கேட்பதையும் பெரியவர் கேட்பதையும் வேறுவேறாகப் பாருங்கள். பிள்ளைக்கு வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள். யாழ்ப்பாணம் இங்கே, டொராண்டோ இங்கே, என் அம்மா அப்பா இப்படிப் போனார்கள், நான் அங்கே வளர்ந்தேன். குடும்பப் படம் இரண்டு காட்டுங்கள். வெட்கப்படாமல், கோபப்படாமல் சொன்னால் ஒரே பாடவேளையில் முடிந்துவிடும். வகுப்பில் இன்னொரு பிள்ளை இதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். கொரியக் கிராமப் பள்ளிகளில் வியட்நாம், பிலிப்பைன்ஸ், கம்போடியா நாடுகளிலிருந்து வந்த தாய்மார்களின் பிள்ளைகள் நிறையப் பேர். அம்மா வேறு நாட்டுக்காரர் என்பதை மறைக்கப் பார்க்கும் பிள்ளைக்கு, தன் அம்மா எங்கிருந்து வந்தார் என்று தலைநிமிர்ந்து சொல்லும் ஓர் ஆசிரியரைப் பார்ப்பது பெரிய விஷயம். அந்தத் தாய்மார்களில் சிலர் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள், பள்ளி விழாவில் தேடிப் போய்ப் பேசுங்கள்.

பேருந்து நிலையத்தில் உங்களைத் தொழிற்சாலைக்கோ பண்ணைக்கோ வந்தவர் என்று நினைப்பார்கள். 2004 முதல் வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கொரியாவுக்கு வந்து உழைக்கிறார்கள். "நான் அவர்களைப் போல இல்லை, ஆசிரியர்" என்று விலகி நிற்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது சிங்களத்திலோ தமிழிலோ பேசுவது காதில் விழுந்தால் போய்ப் பேசுங்கள். ஊரில் பருப்பு எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெரியவர் யாராவது நிறத்தை வைத்து இழிவாகப் பேசினாலோ, பள்ளியில் உங்களை நடத்தும் விதம் மாறினாலோ, தேதி போட்டு எழுதி வைத்து மாகாண ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் உய்சோங்கில் தொடங்கிய காட்டுத்தீ ஆன்தோங், சொங்சோங், யோங்யாங், யோங்தோக் வரை பரவியது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய கோவுன்சா மடாலயத்தின் பெரும்பகுதி எரிந்தது. ஏராளமான வீடுகளும் போயின. பாடப்புத்தகத்தில் "என் வீடு" வரும்போது, எந்தப் பிள்ளையின் வீடு எரிந்தது என்று வகுப்பாசிரியரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். "என் அப்பா, அம்மா" பாடத்துக்கும் அப்படியே. தாத்தா பாட்டியோடு மட்டும் வாழும் பிள்ளைகள் இருப்பார்கள். "வீட்டில் உன்னோடு யார் இருக்கிறார்கள்?" என்று கேள்வியை மாற்றினால் எல்லோராலும் பதில் சொல்ல முடியும்.

சாப்பாட்டுக்கு ஓர் எளிய வழி உண்டு. பள்ளியின் மாத உணவுப் பட்டியலில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சில எண்கள் அச்சாகியிருக்கும். ஒவ்வாமைக்கான குறியீடுகள் அவை. 10 பன்றி, 15 கோழி, 16 மாடு. 10, 16 இருக்கும் பதார்த்தங்களை மாதத் தொடக்கத்திலேயே வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சூப்பு பலவற்றில் நெத்திலிச் சாறும், கிம்ச்சியில் மீன் சாறோ இறாலோ இருக்கும், அது உங்களுக்குத் தடையில்லை என்று நினைக்கிறேன். வட்டமிட்ட நாளில் இரண்டு அவித்த முட்டையும் கடற்பாசித் தாளும் கொண்டுபோங்கள், ஆனால் எல்லோரோடும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பள்ளிச் செய்தியெல்லாம் உங்களுக்குத் தெரியவருவது அந்த மேசையில்தான். கடையில் "கோகி பேகோ ஜுசேயோ" என்றால் இறைச்சி போடாமல் தருவார்கள், காய்கறி கலந்த சோறான பிபிம்பாப்புக்கு அது போதும்.

வார இறுதிக்கு வருவோம். வழி பார்க்க நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் பேருந்து நேர அட்டவணையைப் படம் எடுத்து வையுங்கள், கிராமத்தில் கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும். மாதம் இரண்டு முறை தேகுவுக்கோ ஆன்தோங்குக்கோ போய் வாருங்கள், ஆனால் எல்லா வாரமும் ஓடிவிடாதீர்கள். ஐந்து நாளுக்கொரு முறை கூடும் சந்தையில் உங்கள் மாணவனின் பாட்டி உங்களைக் கண்டுபிடித்துக் கையில் எதையாவது திணிக்கும் அனுபவம் ஊரில் இருந்தால்தான் கிடைக்கும். கொரிய எழுத்தை இந்த வாரமே கற்றுக்கொள்ளுங்கள், அடிப்படை எழுத்துகள் 24தான். வினை கடைசியில் வரும், பெயரோடு ஒட்டு சேரும், பெரியவருக்கு ஒரு வடிவம் சிறியவருக்கு ஒரு வடிவம். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த உங்களுக்கு இந்த அமைப்பு மற்ற கனடாக்காரர்களைவிடச் சுலபமாகப் பிடிபடும்.

அந்த ஊர் குளிர்காலத்தில் கடுமையாக உறையும். டிசம்பருக்கு மேல் வெளியூர் போகும்போது தரையைச் சூடாக்கும் பாய்லரை ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள், குழாய் உறைந்து வெடித்துவிடும். வெளியே போகும்போது போடுவதற்கென்று அதிலேயே ஒரு பொத்தான் இருக்கும்.

பெற்றோர் யாராவது பிள்ளைக்குத் தனியாக டியூஷன் எடுக்கச் சொல்லிப் பணம் நீட்டினால், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். உங்கள் விசாவில் அது சட்டவிரோதம். அபராதத்தோடு நாட்டைவிட்டு வெளியேற்றவும் செய்வார்கள். "பள்ளியில் மதியம் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஜூலை கடைசியில் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போதும் காலையில் எழுந்து போகவே முடியவில்லை என்றால், ஒப்பந்தத்தை முன்னால் வைத்து எப்போது, எப்படி விலகுவது என்று சேர்ந்து பார்ப்போம். இருந்துவிடலாம் என்று தோன்றினால், புதுப்பிப்பதைப் பற்றி ஒப்பந்தம் முடியச் சில மாதம் இருக்கும்போதே கேட்பார்கள். அப்போது அதே மூன்று பள்ளிகள்தான் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் வேறு பள்ளிகளுக்கு மாற்றிவிட வாய்ப்பு உண்டு.